ஆண்குதிரையின் உறையைக் கழுவுவதா, சும்மா விடுவதா?

மதிய நேரம். தின்று முடித்த குதிரை நிழலில் நிற்கிறது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்திருக்கிறது. கீழுதடு தொங்குகிறது. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கின்றன, கண் பாதி மூடியிருக்கிறது. வயிற்றுக்கடியில் ஆண்குறி உறையை விட்டு வெளியே வந்து தளர்ந்து தொங்குகிறது.

புதிதாக ஆண்குதிரை வாங்கியவர்கள் முதலில் பதறுவது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். சிலர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் ஏதோ நோய் என்று மருத்துவருக்குப் போன் போடுகிறார்கள். இன்னும் சிலர் கெட்ட பழக்கம் என்று குச்சியால் தட்டுகிறார்கள். மூன்றுமே வேண்டாம். குறியை உள்ளே இழுத்துப் பிடித்துவைக்கும் தசை தளரும்போது அது தானாக வெளியே வரும். எந்த நொடியும் ஓடத் தயாராக இருக்க வேண்டிய விலங்கு அந்தத் தசையைத் தளரவிடுகிறது என்றால், இப்போதைக்குப் பயமில்லை என்று அது நினைக்கிறது. முதுகைத் தேய்த்துவிடும்போதும், இளவெயிலில் நிற்கும்போதும், வேலை முடிந்து சேணத்தை இறக்கிய பிறகும் இதே போலத் தொங்கவிடும் குதிரைகள் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது பெரும்பாலான ஆண்குதிரைகள் வெளியே நீட்டும்.

அந்தக் காட்சியைப் பார்த்துப் பழகிய பிறகு அடுத்த கேள்வி வருகிறது. உறைக்குள் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறதே, கழுவ வேண்டாமா? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? சோப்பா, வெறும் தண்ணீரா? மருத்துவரைக் கூப்பிட வேண்டுமா? ஒருவர் மாதம் ஒருமுறை என்பார், இன்னொருவர் வாழ்நாளில் தொடவே கூடாது என்பார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையடித்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிக்கடி பார்ப்பதும் அரிதாகக் கழுவுவதும்தான் சரி. கழுவினால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். குறியை வெளியே விடாத குதிரைக்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவர் கை படட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறைக்குள் என்ன இருக்கிறது

வெளியே தெரியும் தோல்பை ஒன்றுதான், ஆனால் உள்ளே இன்னொரு மடிப்பு இருக்கிறது. பைக்குள் பை மாதிரி. குறியின் நுனிப்பகுதி, ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ., உள்ளே இழுத்துக்கொண்ட நிலையில் அதற்குள் அடங்கியிருக்கும். அந்த மடிப்புத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் கொழுப்பும், உதிர்ந்த தோல் செதில்களும், படுக்கைத் தூசியும் கலந்து உருவாவதுதான் ஸ்மெக்மா. நான் அதை உறையழுக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அழுக்கு என்ற சொல் அதற்குக் கொஞ்சம் அநியாயம்தான். அந்தப் பசை தோலுக்கு வழவழப்பைக் கொடுத்து உரசலைத் தடுக்கிறது. அதில் குடியிருக்கும் சாதாரணப் பாக்டீரியாக்கள், நோய் தரும் பாக்டீரியாக்களுக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்கின்றன.

சில குதிரைகளுக்கு அது சாம்பல் நிறத்தில் ஈரப் பசையாக இருக்கும். சிலவற்றுக்குக் கறுத்துக் காய்ந்து செதில் செதிலாக உதிரும். பின்தொடையின் உட்பக்கம் கரிப்பொட்டு போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். மணம் இருக்கும், ஆனால் எட்டி நின்றாலே மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் இருக்காது. இந்த வித்தியாசத்தை மூக்கு ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது.

குறியின் நுனியில், சிறுநீர்த் துளையைச் சுற்றி ஒரு பள்ளம் உண்டு. அதன் மேற்புறத்தில் சின்னப் பை போன்ற ஒரு குழிவு. அங்கே சேரும் பசை வெளியேறாமல் நாளாக ஆக உருண்டு இறுகுவதைத்தான் குதிரைக்காரர்கள் கொட்டை என்கிறார்கள். பட்டாணி அளவில் இருந்தால் குதிரைக்கு அது இருப்பதே தெரியாது. பெரிதாகிச் சிறுநீர்க்குழாயின் நுனியை அழுத்தும்போதுதான் தொல்லை. சிறுநீர் பக்கவாட்டில் பீய்ச்சும், இரண்டாகப் பிரியும், அல்லது நீண்ட நேரம் காலை அகட்டி நின்றும் சொட்டுச் சொட்டாக வரும்.

விதையடித்த குதிரைக்கும், விதையடிக்காமல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பொலிகுதிரைக்கும் இதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. பொலிகுதிரை இணைசேரும்போதும் அதற்கு முன் கழுவப்படும்போதும் குறி முழுவதுமாக நீண்டு வெளியே வருவதால், மடிப்புக்குள் சேர்ந்தது அவ்வப்போது உதிர்ந்துபோகும். விதையடித்தவற்றில் பல அரைகுறையாகத்தான் நீட்டும். சில குதிரைகள் உறைக்குள்ளேயே சிறுநீர் விட்டுவிடும். அப்படிப்பட்டவற்றுக்குத்தான் பசை அதிகம் தேங்குகிறது.

இன்னொரு இயல்பையும் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஆண்குதிரைகளுக்கு அமைதியாக நிற்கும்போது விறைப்பு வரும், வயிற்றில் லேசாகத் தட்டிக்கொள்ளும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குதிரைகளின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சூ மெக்டொனல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை, சுமார் மூன்று நிமிடம் நீடிப்பது இயல்பு. பொலிகுதிரை, விதையடித்தது, காட்டில் திரிவது, லாயத்தில் கட்டியது என்ற பாகுபாடு இல்லை. அந்தக் காலத்தில் இதைத் தடுக்க வளையமும் முள் வைத்த பட்டையும் மாட்டினார்கள். அடித்தும் பார்த்தார்கள். தடுக்கத் தடுக்க அது அதிகமானதுதான் மிச்சம், தோலும் புண்ணானது. இப்படி நடந்துகொள்ளும் குதிரையின் உறையில் அழுக்கு உறுத்துகிறது என்று நினைத்து உடனே கழுவப் போகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

கையை உள்ளே விடாமல் பார்த்து மட்டும் வருவது

உறையைக் கவனிக்கும் நான்கு வழிகளில் முதலாவது, எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொடர்ந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். காட்டில் திரியும் குதிரைகளுக்கு யாரும் உறை கழுவுவதில்லை என்பது இந்தக் கட்சியின் முக்கிய வாதம். அதில் பாதி உண்மை. அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை விதையடிக்கப்படாதவை, நாள் முழுக்க நடப்பவை. அவற்றில் எத்தனைக்கு உறைக்குள் கட்டி வந்தது என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் தளர்ந்து முழுவதும் வெளியே விடும் குதிரைக்கு, சிறுநீர் ஒரே தாரையாக வரும் குதிரைக்கு, இந்த வழியே போதும்.

பார்ப்பது என்றால் எப்படி? நான் வேலை பழகிய லாயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். புதுக்குதிரை வந்தால் அவர் முதலில் வாளியைத் தேட மாட்டார். மதியத் தூக்க நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். “தம்பி, அது தானா காட்டும்போது பாரு. நீ பிடிச்சு இழுத்துப் பார்த்தா ஒண்ணும் தெரியாது” என்பார். அந்த அரைமணி நேரத்தில் குறியின் முழு நீளத்தையும் பார்த்துவிடலாம். நிறம் எப்படி, இளஞ்சிவப்புத் தோல் இருக்கிறதா, பரு மாதிரி ஏதாவது முளைத்திருக்கிறதா, ஈ மொய்க்கும் புண் இருக்கிறதா, நுனிப் பள்ளத்தில் வெண்சாம்பல் நிறத்தில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கிறதா. அதன் பிறகு சிறுநீர் கழிப்பதைப் பார்த்தால் முக்கால்வாசி பரிசோதனை முடிந்தது.

வெளியே விடாத குதிரைக்கு இந்த வழி உதவாது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது?

வெறும் தண்ணீர்

என் கை அதிகம் போவது இந்த வழிக்குத்தான். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய ரப்பர் கையுறை, ஒரு துண்டு மென்மையான பஞ்சு. சிலர் தண்ணீர்க் குழாயை நேராக உறைக்குள் செருகித் திறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் வேகமாக உள்ளே பாய்ந்தால் குதிரை துள்ளும், மணலும் தூசியும் மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும், அடுத்த முறை கை வைக்கவே விடாது. நனைத்த பஞ்சைக் கையால் பிழிந்து பிழிந்து கழுவுவதே நல்லது.

நிற்கும் இடம் முக்கியம். குதிரையின் விலாவை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும். ஒரு கை முதுகின் மேல் இருக்கட்டும். தசை இறுகுவதை அந்தக் கைதான் முதலில் சொல்லும். குதிரை பின்னால் மட்டும் உதைக்கும் என்று நம்பிப் பல்லை இழந்தவர்கள் உண்டு. பின்னங்காலை முன்னோக்கி வீசி வயிற்றுக்கடியில் இருக்கும் தலையைத் தாக்க அதற்கு நன்றாகவே தெரியும். ஆகவே மண்டியிடுவதோ தலையை வயிற்றுக்கடியில் நுழைப்பதோ கூடாது. தலையைப் பிடிப்பவர் நீங்கள் நிற்கும் அதே பக்கம் நிற்கட்டும். குதிரை பதறினால் தலையைத் தன் பக்கம் இழுத்து, அதன் பின்புறத்தை உங்களிடமிருந்து விலக்கிவிடலாம். முதல் சில நாள்கள் கழுவவே வேண்டாம். வயிற்றை, தொடையின் உட்புறத்தை, உறையின் வெளிப்புறத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தாலே போதும்.

காய்ந்து ஒட்டியிருக்கும் செதிலைச் சுரண்டக் கூடாது. அடியில் இருக்கும் தோல் மிக மெல்லியது, நகத்தால் கீறினாலும் இரத்தம் வரும். கொஞ்சம் பாரஃபின் எண்ணெய் தடவிவிட்டு ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் தானாகக் கழன்றுவரும். அதைத் தண்ணீரால் அலசிவிடலாம்.

கொட்டையை எடுப்பதற்கு மென்மையான கை வேண்டும். குதிரை தானாகத் தளர்ந்திருக்கும்போது நுனியை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை போட்ட விரலில் கொஞ்சம் வழவழப்புக் களிம்பு தடவி, சிறுநீர்த் துளைக்கு மேலே உள்ள குழிவை மெல்ல அழுத்தினால் மெழுகு உருண்டை போல ஒன்று தட்டுப்படும். அதை விரல் நுனியால் பக்கவாட்டில் உருட்டி உருட்டி விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். நான் முதன்முதலில் எடுத்தது மொச்சைக்கொட்டை அளவில், சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலிடையில் வைத்து நசுக்கியதும் ஈர மெழுகு போல உதிர்ந்தது. குதிரை பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி உதட்டைத் தொங்கவிட்டது. சிறுநீர்த் துளைக்குள் மட்டும் விரலையோ வேறு எதையோ விடக் கூடாது. உருண்டை நகராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் விட்டுவிடுவதுதான் முறை.

சோப்பும் கிருமிநாசினியும்

இந்த வழியைப் பற்றி எனக்கு வருத்தமே அதிகம். ஒரு காலத்தில் நானும் கிருமிநாசினி போட்டால்தான் சுத்தம் என்று நம்பினேன். ஒரு வயதான குதிரைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அயோடின் கலந்த நுரைத் திரவத்தால் கழுவிவந்தேன். முதலில் பளிச்சென்று இருந்தது. பிறகு தோல் வறண்டு உரிந்தது. உறை லேசாக வீங்கியது. முன்னைவிட அதிகமாகப் பசை சேர்ந்தது. அழுக்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அடிக்கடி கழுவினேன். பார்க்க வந்த மருத்துவர் பாட்டிலைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, “இதை நிறுத்துங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்” என்றார். சில வாரங்களில் தோல் தேறியது. நான் கொடுத்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அது அசையாமல் நின்றதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

பொலிகுதிரைகளில் ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டதும் இதுவே. அயோடின் திரவத்தாலோ குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியாலோ திரும்பத் திரும்பக் கழுவும்போது தோலின் இயல்பான பாக்டீரியாக்கள் அழிகின்றன. காலியான இடத்தில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குடியேறிவிடுகின்றன. இவை பெண்குதிரையின் கருப்பையில் தொற்றை உண்டாக்கக்கூடியவை. அதனால்தான் இணைசேர்ப்புக்கு முன் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் துடைப்பதே நல்ல பண்ணைகளில் வழக்கமாக இருக்கிறது.

உறை கழுவுவதற்கென்றே விற்கும் களிம்புகள் இருக்கின்றன. வாசனையும் கிருமிநாசினியும் கலக்காத மென்மையானதாக இருந்தால், பல ஆண்டுகளாகத் தொடாமல் கட்டிப்போன பசையை இளக்க ஒருமுறை பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய அலசல்தான் பெரிய வேலை. சோப்பு கொஞ்சம் மடிப்பில் தங்கினாலும் எரிச்சல் வரும். வழவழப்பு முழுவதும் போகும்வரை தண்ணீர் விட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, டெட்டால் வகைத் திரவம் எதுவும் அந்தத் தோலுக்கு ஆகாது.

கிருமிநாசினிக்கு நியாயமான இடமும் ஒன்று உண்டு. 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பெண்குதிரைகளிடம் ஒரு கருப்பைத் தொற்று பரவியது. டெய்லொரெல்லா ஈக்விஜெனிடாலிஸ் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தப் பாக்டீரியா பொலிகுதிரையின் உறையழுக்கிலும் நுனிப் பள்ளத்திலும் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கிக்கொள்ளும். அப்படித் தங்கிய குதிரைக்குக் குளோர்ஹெக்சிடினால் தொடர்ந்து சில நாள் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு அடைப்பது சிகிச்சையின் பகுதி. அது மருத்துவர் சொல்லி, கணக்கு வைத்துச் செய்வது. வாரக் கடைசிக் குளியல் இல்லை.

மருத்துவரும் மயக்க ஊசியும்

சில குதிரைகள் கையை அண்டவே விடாது. அடித்துக் கட்டிக் கழுவுவதற்கு அது பாவமும் செய்யவில்லை, உங்கள் எலும்பும் இரும்பில்லை. மருத்துவர் சைலசின் அல்லது டெட்டோமிடின் என்ற மயக்க மருந்தைப் போட்டால் குதிரை நின்றபடியே தலையைத் தொங்கவிடும், பெரும்பாலும் குறியையும் முழுவதுமாகத் தளர்த்தும். மடிப்பு, நுனி, பள்ளம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். செலவும் மருந்தின் அபாயமும் இருப்பதால் இதற்கென்று தனியாக ஊசி போட எனக்கு மனம் வராது. பல் ராவுவதற்கு எப்படியும் மயக்க ஊசி போடுவார்கள். அன்றைக்கே கீழேயும் பார்த்துவிடச் சொன்னால் ஒரே ஊசியில் இரண்டு வேலை முடிகிறது.

அசிபுரோமசின் என்ற மருந்தும் குறியை நன்றாகத் தளர்த்தும், அதுவும் பல மணி நேரம். அரிதாக, திரும்ப உள்ளே போகாமலே நின்றுவிடும் ஆபத்து அதில் இருப்பதால், குறிப்பாகப் பொலிகுதிரைக்குக் கொடுக்க மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். எந்த ஊசியானாலும் அது தெளிந்த பிறகு குறி முழுவதும் உள்ளே போய்விட்டதா என்று பார்க்காமல் அங்கிருந்து நகரக் கூடாது.

இந்த வழியின் பெரிய லாபம் சுத்தம் அன்று, பரிசோதனை. ஆண்குறியிலும் உறையிலும் வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது செதிளணுப் புற்று என்ற தோல் புற்றுநோய். வயதான, இளஞ்சிவப்புத் தோல் உள்ள குதிரைகளை அது அதிகம் பிடிக்கிறது. முன்பு உறையழுக்கைத்தான் காரணமாகச் சந்தேகித்தார்கள். இப்போது குதிரைகளுக்கே உரிய ஒரு பாப்பிலோமா வைரஸ் பெரும்பங்கு வகிப்பதாகத் தெரிகிறது. எவ்வளவு கழுவினாலும் அந்த வைரஸ் போகாது. ஆனால் பயறு அளவில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் அதை மட்டும் வெட்டியோ உறையவைத்தோ எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் குறியின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டிவரும். உறை சுத்தமாக இருக்கிறதா என்பதைவிட உறைக்குள் யாராவது பார்த்தார்களா என்பதற்கு நான் அதிக மதிப்புத் தருவது இதனால்தான்.

கழுவ நினைக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை

குறி வெளியே வந்து வீங்கி, உள்ளே போக முடியாமல் தொங்கினால் அது அவசரம். உதைபட்டிருக்கலாம், மருந்தாக இருக்கலாம், உடம்பு ஓய்ந்துபோன குதிரையாக இருக்கலாம். நரம்பைப் பாதிக்கும் நோயாகவும் இருக்கலாம். நேரம் ஆக ஆக எடையால் வீக்கம் கூடும், வீக்கத்தால் எடை கூடும். மருத்துவர் வரும்வரை குளிர்ந்த தண்ணீரை மெல்ல விட்டுக்கொண்டு, வாசலின் தடவி, சுத்தமான துணியால் வயிற்றோடு தாங்கிக் கட்டலாம். பலம் போட்டு உள்ளே தள்ள வேண்டாம். நிழலில் தூங்கும் குதிரையிடமிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. அதைக் கூப்பிட்டாலோ ஓரடி நடத்தினாலோ தளர்ந்த குறி உள்ளே போய்விடும். இது போகாது.

உறை மட்டும் மெத்தென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நடத்திக்கொண்டுவந்தால் குறைந்தால் பெரும்பாலும் நாள் முழுக்கக் கட்டிப்போட்டதன் விளைவு. விதையடித்த பின் சில நாள் வீங்குவதும் எதிர்பார்த்ததே. வீக்கம் வயிற்றிலும் கால்களிலும் பரவினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ அதன் காரணம் உறைக்கு வெளியே எங்காவது இருக்கலாம். சீழ், இரத்தம், சிறுநீருக்கு முக்குவது, கோடையில் ஆறாமல் சிவந்து பெருகும் புண் ஆகியவையும் மருத்துவருடையவை. ஈக்கள் விட்டுப்போகும் புழு இளம்பருவத்தால் அப்படிப்பட்ட புண் வரும், அது சோப்புக்கு ஆறாது. வாலைச் சுவரில் தேய்த்தால் உறையழுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். சில நேரம் அதுதான். ஆனால் ஆசனவாயில் முட்டையிடும் ஊசிப்புழுவையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது என் பொறுப்பில் இரண்டு விதையடித்த குதிரைகள் இருக்கின்றன. கறுப்புத்தோல்காரன் தினமும் மதியம் தாராளமாகத் தொங்கவிடுவான். அவனை மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேன், ஆண்டில் இரண்டு முறை கொட்டை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன், தண்ணீர் படுவது அபூர்வம். மற்றவனுக்கு வயது 19, நுனி முழுக்க இளஞ்சிவப்பு, பாதிக்கு மேல் வெளியே விடமாட்டான். பல் பார்க்கும் நாளில் மருத்துவர் அவனை முழுவதும் பார்க்கிறார். போன முறை நுனிக்குப் பின்னால் மிளகளவு வெள்ளைப் பரு ஒன்று இருந்தது. அளவையும் இடத்தையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றிருக்கிறார், தேதியும் குறித்தாகிவிட்டது.